தற்காலிகக் குரல்

முப்பத்தேழு. சீட்டுல முப்பத்தேழுன்னு எழுதிக் கையில குடுத்துட்டாங்க. உள்ள இப்பத்தான் முப்பத்திரண்டு போயிருக்குது, ஆளுக்குப் பத்து நிமிஷம்னு வெச்சாலும் எப்படியும் முக்கா மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வந்தாகோணும். ரேஷன் கடையிலகூட இப்பெல்லாம் சீட்டுக் குடுக்கறதில்ல, இங்க குடுக்கறாங்க, சரவணம்பட்டியில, ஒன்பதாவது மாடியில, ஏசி போட்டு, கண்ணாடி ரூமுக்கு முன்னால நாற்காலி வரிசை போட்டு. விஷயம் ஒண்ணும் பெரிசில்ல. எங்க கேம் கம்பெனிய வித்துட்டாங்க, வாங்கினவன் சாமான் சரிபார்க்கறான். எது யாரு வரைஞ்சது, எது யாரு குரல், எல்லாத்துக்கும் ஒரு காயிதம் வேணுமாம். நான் வரைஞ்ச படத்துக்கெல்லாம் காயிதம் இருக்குது, சம்பளத்துக்கு வரைஞ்சது, அது கம்பெனிது, அதுல எனக்கு வெசனமில்ல. குரலுக்குத்தான் இல்ல. தண்ணி லாரி விளையாட்டுல லாரி தெருமுனையில திரும்பும்போது ஒரு பொம்பள கத்துவாளே, "அடியேய், கொடத்த நவுத்துங்கடி, லாரி வந்துருச்சு!"ன்னு, அந்தப் பொம்பள நான்தான். அஞ்சே அஞ்சு வார்த்தை. கையெழுத்துப் போட்டா அந்தக் குரல் அவங்களுது. போடலைன்னா அடுத்த வாரம் வர்ற அப்டேட்ல அதைத் தூக்கிட்டு வேற யாரோட குரலையாச்சும் வெச்சிருவாங்க. மெயில்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு, ரொம்ப மரியாதையா, கீழ ஒரு பூச்செண்டு படம் வேற.

பழைய போன் பையில இருக்குதான்னு இன்னொரு தரம் தொட்டுப் பாத்துக்கறேன். இருக்குது. பட்டன் போன், பேட்டரி உப்பிப் போயி பின்மூடி நிக்கமாட்டேங்குது, ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கேன். 'அசல் பதிவு இருந்தால் கொண்டு வரவும்'னு மெயில்ல ஒரு வரி இருந்துச்சு, அதுக்காக நேத்து கிராஸ்கட் ரோட்டுல நாலு கடை ஏறி எறங்கி இதுக்குச் சார்ஜர் வாங்கினேன், கடைக்காரன் "ஏனுங்க்கா, இதை மியூசியத்துக்குக் குடுத்துருங்க"ங்கறான், லொள்ளு. போனுக்குப் பக்கத்துல அடையாள அட்டை, ஒண்ணில்ல, நாலு. எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. முதல் அட்டை கம்பெனிய ஆரம்பிச்ச மோகனண்ணன் தன் கையாலயே கத்திரியில வெட்டி லேமினேட் பண்ணிக் குடுத்தது, ஒரு ஓரம் கோணல். ரெண்டாவது பெங்களூர்க்காரன் வாங்கினப்ப. மூணாவது சிங்கப்பூர்க்காரன் அந்தப் பெங்களூர்க்காரனையே வாங்கினப்ப, அதுல என் பேரு சாந்தாமணிய ரெண்டாப் பிச்சு சாண்டா மணின்னு அடிச்சு வந்துச்சு, ஒரு டிசம்பர் பூரா என்னைய எல்லாரும் கிறிஸ்துமஸ் தாத்தான்னுதான் கூப்பிட்டாங்க. நாலாவது இன்னைக்குக் காலைல மேசை மேல இருந்துச்சு, சாக்லேட்டோட. கடல் தாண்டி இருக்கிற ஏதோ ஒரு பெரிய கம்பெனி சிங்கப்பூர்க்காரனை வாங்கியிருக்குதாம். சின்ன மீனைப் பெரிய மீன் முழுங்கும், அதை அதைவிடப் பெரிய மீன் முழுங்கும், நான் இந்தப் பதினாலு வருஷமா முதல் மீனோட வயித்துக்குள்ளயே உக்காந்து கொடம் வரைஞ்சுக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தரமும் ஒருத்தன் வந்து கேக் வெட்டி "ஒண்ணும் மாறாது"ன்னு சொல்லுவான். பெங்களூர்க்காரன் சொன்ன மக்காநாளே டீ மாறிருச்சு. அதுக்கு முன்னால நாலு மணி ஆனா எல்லாரும் எறங்கி ரோட்டுக்கு அந்தப்பக்கம் பேக்கரிக்குப் போவோம், டீ, தேங்காய் பன்னு, மோகனண்ணன் மட்டும் வெஜ் பப்ஸ், அரை மணி நேரம் கதை. அடுத்த லெவல்ல என்ன வெக்கலாங்கறது பூரா அந்தப் பேக்கரி வாசல்ல முடிவானதுதான். மிஷின் வந்துச்சு, பட்டனைத் தட்டினா டீ, சீட்டை விட்டு எந்திரிக்கவே வேண்டாம்னு பெருமையாச் சொன்னான். அவன் எங்களையும் சேத்து ஏழு சின்னக் கம்பெனிய வாங்கினான், புனேல ரயில் விளையாட்டுப் பண்ணினவங்க, கொச்சியில படகுப் போட்டி பண்ணினவங்க, எல்லாரையும் ஒரே குடும்பம்னான். குடும்பத்துல ஆறு பேரை இழுத்து மூடியாச்சு. நாங்க மட்டும் மிச்சம்.

மூணாவது மாடி. அதுதான் நெனப்புல வருது, ஒன்பதாவது மாடியில உக்காந்து மூணாவது மாடி. ரத்தினபுரியில ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல. கீழ பூரா செம்புக்கம்பி, படியேறும்போதே வார்னிஷ் வாசம், புடவையில ஒட்டிக்கும், வீட்டுக்குப் போனா அம்மா கேக்கும், கேம் கம்பெனின்னு சொல்லீட்டு எங்கடி போயிட்டு வர்றேன்னு. எட்டுப் பேரு, ஆறு நாற்காலி, ஒரே ஒரு பேன். அந்த வருஷம் மழை ஏமாத்தீருச்சு, சிறுவாணித் தண்ணி பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, தெருவுக்குத் தெரு லாரி. காலைல ஒம்பது மணிக்கு ஆபீசுக்கு வர்றவங்க பாதிப் பேரு கொடம் வெச்ச கதையச் சொல்லிக்கிட்டுத்தான் வருவோம். எவ கொடத்த எவ தள்ளினா, எவ செருப்பை எடம் பிடிக்க வெச்சா, எவ கல்லு வெச்சா. ஒரு நாளு மோகனண்ணன் அப்படியே எங்க வாயப் பாத்துக்கிட்டிருந்துட்டு, "இதைய விடப் பெரிய கேம் என்ன வேணும், நாம என்னத்துக்கு டிராகன் வரைஞ்சுக்கிட்டிருக்கோம்?"னாரு. அவ்வளவுதான். டிராகன் எல்லாம் குப்பைக்குப் போச்சு, நான் கொடம் வரைய ஆரம்பிச்சேன். எவர்சில்வர் கொடம், பிளாஸ்டிக் கொடம், பச்சை, ஆரஞ்சு, அடி நசுங்கினது, வாய் உடைஞ்சது. முந்நூத்திப் பன்னெண்டு கொடம் வரைஞ்சேன், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு என்ன பண்றான்னு கேட்டப்ப அப்பா சொன்னாரு, "கம்ப்யூட்டர்ல கொடம் வரையுது". சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு எனக்கு. குரல் வேணும்னப்ப கையில ஒண்ணுமில்ல. நல்லாப் பேசற ரேடியோக்கார அம்மாவக் கூட்டியாறதுன்னு பேச்சு, அது வரைக்கும் சும்மா எடத்தை நெரப்பி வெக்கறதுக்கு என் குரல். கேம்காரங்க அத்தனை பேரும் அப்படித்தான் பண்ணுவாங்க, சரியான சாமான் வர்ற வரைக்கும் ஒரு ஓட்டை உடைசலை அங்க வெப்பாங்க, அதுக்குப் பேரு தற்காலிகம். அந்த பைலுக்கு 'தற்காலிகம் சாந்தா'ன்னு மோகனண்ணனே பேரு வெச்சாரு. அப்பறம் வெளியிடற நாளு வந்துச்சு, மூணு நாளாத் தூங்காத கண்ணு எல்லாருக்கும், ஒருத்தருக்கும் அந்த நெனப்பே இல்ல, தற்காலிகம் அப்படியே போயிருச்சு. ஒரு வாரங்கழிச்சுத்தான் மோகனண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு, "ஐயோ சாந்தா, உன்னைய மாத்தவே இல்லியே!" அதுக்குள்ள ஊரு பூரா கத்த ஆரம்பிச்சிருச்சு. ஆட்டோவுக்குப் பின்னால ஸ்டிக்கர் ஒட்டினாங்க. நோம்பிக்கு ஊருக்குப் போனா மைக் செட்டுக்காரன் போடறான். கல்யாண வீட்டுல பந்திக்குக் கூட்டம் ஜாஸ்தியானா எவனாச்சும் ஒருத்தன் போன்ல அதைத் தட்டிவிடுவான். அப்பா அதையே ரிங்டோனா வெச்சுக்கிட்டாரு, டீக்கடையில யாராச்சும் கூப்பிட்டா எடுக்கவே மாட்டாரு, முழுசாக் கத்தட்டும்னு வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அப்பா போயி அஞ்சு வருஷமாச்சு.

முப்பத்துமூணு. கதவு தொறந்து மூடுது. தொண்டையில கைய வெச்சுப் பாக்கறேன், அது ஒரு பழக்கமாயிருச்சு, கழுத்துக்குக் குறுக்க ஒரு கோடு, செயின் போட்டா மறைஞ்சுக்கும். என் மக ஆதிரா பொறந்து ஒரு வருஷம் இருக்கும்போது தைராய்டு ஆபரேஷன். குரலுக்குப் போற நரம்பு கொஞ்சம் அடிபடலாம், சிலபேருக்கு அப்படி ஆறது உண்டுன்னு முன்னாலயே சொன்னாங்க, கையெழுத்தும் வாங்கிக்கிட்டாங்க, அங்கயும் ஒரு கையெழுத்து. நான் அந்தச் சில பேருல ஒருத்தி. மயக்கம் தெளிஞ்சு தண்ணி வேணும்னு கேட்டேன், வெறும் காத்துத்தான் வந்துச்சு. அப்பறம் ஆறு மாசங்கழிச்சு இந்தக் கரகரப்பு வந்துச்சு, அதோட நின்னு போச்சு. பக்கத்துல உக்காந்தாத்தான் கேக்கும். பேசறது பெரிசில்ல, பேசாம இருந்துக்கலாம், கத்த முடியலையே. கத்தறதுக்கு ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தேவை இருக்குதுன்னு கத்த முடியாதவளுக்குத்தான் தெரியும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லோணும், பால் பொங்குதுன்னு சொல்லோணும், ரோட்டுல புள்ள ஓடினா நில்லுன்னு கத்தோணும். ஒருக்கா ஆதிரா ஸ்கூட்டர் வர்றது தெரியாம ஓடிருச்சு, நான் வாயைத் தொறக்கறேன், ஒண்ணும் வரல, ஸ்கூட்டர்க்காரன்தான் பிரேக் போட்டான். அன்னைக்கிலிருந்து கை தட்டறேன். மூணு தட்டுத் தட்டினா அம்மா கூப்பிடறான்னு அர்த்தம், கீழ விளையாடிக்கிட்டு இருந்தாலும் மேல ஏறி வந்துரும். தாலாட்டு ஒண்ணுகூடப் பாடல, மொபைல்ல போட்டுவிட்டேன். ஊரே என் கத்தலைக் கேட்டுருச்சு, என் புள்ளைக்குக் கை தட்டல். இதை நெனச்சா சிரிப்பு வரோணும், வர்றதில்ல, அழுகைதான் வருது. ஆதிராவுக்கு அந்தக் குரலு என் குரலுன்னு நம்பிக்கையில்ல. ஊரு வெச்ச பேருதான் அதுக்கும், குடத்தக்கா. "அது நான்தான் சாமி"ன்னு எத்தனையோ தரம் சொல்லிட்டேன், என் தொண்டையப் பாக்கும், போனைப் பாக்கும், "போம்மா, குடத்தக்கா வேற"ங்கும். டேப்லெட்ல அந்த விளையாட்டை ஜெயிக்கறதுக்காக விளையாடறதில்ல, லாரி வர்ற வரைக்கும் விளையாடும், குடத்தக்கா கத்தினதும் நிறுத்தும், மறுபடியும் முதல்ல இருந்து. இன்னைக்குக் காலைல சடை பின்னிக்கிட்டே, "அம்மா, கையெழுத்துப் போட்டுரு, இல்லாட்டி குடத்தக்கா போயிருவாங்கல்ல"ன்னு கேக்குது. ம்னு சொன்னேன். ம் மட்டும் எனக்கு நல்லா வரும்.

பக்கத்து நாற்காலி ஜெசிந்தா, லெவல் டிசைன் பண்றவ, எட்டு வருஷமா எனக்கு எதிர்ச் சீட்டு. அவளும் சீட்டுப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, முப்பத்தெட்டு. அவளுது இன்னும் கூத்து. விளையாட்டுல கொடத்தைக் கண்டா குரைக்கற நாய் இருக்குதே, அது அவ வீட்டு நாய் டோமினிக், அதுக்கும் குரல் கொடுத்தவர் ஒப்புதல்னு ஒரு பாரம் வந்திருக்குது. "ஏன்க்கா, நாய்க்கு ஆதார் கார்டு கேப்பாங்களோ?"ங்கறா. "கைநாட்டு வெக்கச் சொல்லு"ன்னேன். "அது செத்து மூணு வருஷமாச்சுக்கா"ன்னா, ரெண்டு பேரும் சிரிச்சோம், சிரிச்சுட்டு அவ கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "நீங்க போட்டுருங்கக்கா. பதினாலு வருஷக் குரலு, தூக்கினா ஊரே கேக்கும், எங்க குடத்தக்கான்னு." கேக்கும். ஒரு வாரம் கேக்கும், அப்பறம் புதுக்குரலு பழகிரும். எனக்கு வந்த ஒப்புதல் காயிதத்தை எடுத்து மறுபடியும் படிக்கறேன், நாலாவது பக்கம், தமிழ்லயே போட்டிருக்கான், புண்ணியவான். மேற்படி குரலை இப்போது உள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும் உலகெங்கும் என்றென்றைக்கும். சரி, அதுகூடப் பரவால்ல. அடுத்த வரிதான் தொண்டையில நிக்குது. மேற்படி குரலிலிருந்து புதிய சொற்களையும் வாக்கியங்களையும் எந்த மொழியிலும் உருவாக்கிப் பயன்படுத்தவும். இப்ப மிஷின்கிட்ட அஞ்சு வார்த்தை குடுத்தாப் போதுமாம், அதுல இருந்து அம்பதாயிரம் வார்த்தை பேசிருமாம். அப்ப என் இருபத்தேழு வயசுக் குரல் எங்கெங்க போகும்? பாத்ரூம் டைல்ஸ் வாங்கச் சொல்லும். யாருக்காச்சும் ஓட்டுப் போடச் சொல்லும். எவளையாச்சும் அசிங்கமாத் திட்டும். எனக்குத் தெரியாத பாஷையில எனக்குத் தெரியாத ஆளுகிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசும். எனக்கே இல்லாத குரலு, எனக்கு முன்னால நின்னு ஆயிரம் பேசும், நான் கை தட்டிக்கிட்டு நிப்பேன். பயமா இருக்குது, ஆமா, பயந்தான், அதுல என்ன வெக்கம். போடாட்டி? போடாட்டி ஒரு அமுக்குல அழிஞ்சு போகும், இந்த ஒலகத்துல நான் கத்தினதுக்கு அடையாளமே இருக்காது. ரெண்டுல எது தேவலைன்னு நேத்து மோகனண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கம்பெனிய வித்துப்போட்டு அவரு இப்பப் பொள்ளாச்சியில இளநீர் மொத்த வியாபாரம், பின்னால லாரி லோடு எறங்கற சத்தம். என் கரகரப்பு அவருக்கு முதல்ல புரியவே இல்ல, யாருங்க யாருங்கன்னாரு. தெரிஞ்சதும் லாரியை விட்டுத் தள்ளி வந்தாரு. "சாந்தா, நான் விக்கும்போது உங்க யாருகிட்டயும் கேக்கல, அது தப்புத்தான். இப்ப நீ என்ன பண்ணினாலும் சரி"ன்னாரு. பெரிய உபகாரம்! யாராச்சும் இப்படிப் பண்ணுன்னு சொன்னாத் தேவலைன்னு இருக்கும்போது எல்லாரும் உன் இஷ்டம்ங்கறாங்க.

முப்பத்தஞ்சு. முப்பத்துநாலு எப்ப போச்சுன்னே தெரியல. சரி, கேட்டுத்தான் பாப்போம். இயர்போனை மாட்டி அந்தப் பழைய போன்ல ரெக்கார்டரைத் தொறக்கறேன், ஒரே பைலு, இருபத்திரண்டு நிமிஷம். பதினாலு வருஷத்துல ஒரு தரம்கூடக் கேட்டதில்ல, குரல் இருந்தப்பத் தோணல, போனதுக்கப்பறம் தைரியம் இல்ல. முதல்ல ஒரு ம்ம்ம்ங்கற சத்தம். அட, கீழ மோட்டாரை ஓட்டிப் பாக்கறாங்க! வார்னிஷ் வாசம் அப்படியே மூக்குல ஏறுது. "ரெடியா சாந்தா? இரு, கீழ மோட்டார் நிக்கட்டும்." மோகனண்ணன். அப்பறம் ஒரு பொண்ணு, "சீக்கிரம்ங்கண்ணா, போர்வைக்குள்ள வெந்து போயிருவேன்!" அடக் கடவுளே, இது யாரு? எவ்வளவு வேகமாப் பேசறா, பாதி வார்த்தைய முழுங்கிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு சிரிப்ப வெச்சுக்கிட்டு. மைக் கெடையாது, எதிரொலி வரக் கூடாதுன்னு பேனை நிறுத்தி, சித்திரை வெயில்ல தலையோட போர்வையப் போத்தி, உள்ள இந்தப் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். முதல் தரம் "கொடத்தைக் கொஞ்சம் நவுத்துங்க"ன்னேன். "என்ன சாந்தா, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கற மாதிரி இருக்குது, தெருவுல சண்டை போடோணும்." அப்பறம் டி போட்டேன், பத்தல. அடியே போட்டேன், பத்தல. அஞ்சு, ஆறு, ஏழு. ஒன்பதாவது தரம் நெசமாவே கத்திட்டேன் போல, படபடன்னு யாரோ படியேறி ஓடி வர்ற சத்தம், கீழ்க்கடைக்காரரு, "என்னாச்சுங் சாமி, யாராச்சும் விழுந்துட்டாங்களா, கரண்ட் கிரண்ட் அடிச்சுருச்சா?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க, அவருக்கு விளக்கம் சொல்றாங்க, அவரு நம்பல, "தண்ணி லாரிக்கு எதுக்குங் போர்வைக்குள்ள உக்காந்து கத்தறீங்க?" நியாயமான கேள்வி. சிரிப்புல யாரு யாரு இருக்காங்கன்னு எனக்குச் சொல்ல முடியுது, எட்டுப் பேருது எட்டுச் சிரிப்பு. பதினொண்ணு, பதினாலு. நடுவுல யாரோ பன்னு வாங்கியாரப் போறாங்க, எனக்கு ரெண்டுன்னு போர்வைக்குள்ள இருந்து கத்தறேன். அதுதான் எத்தனை அழகாக் கத்தறேன்! ஜெசிந்தா தோளைத் தட்டறா, "அக்கா, அழுகறீங்களா?" இல்லைன்னு தலையாட்டினேன். பத்தொம்பதாவது தரம் ஓடிக்கிட்டிருக்குது. "அக்கா, முப்பத்தேழு."

உள்ள ஒரு பொண்ணு, அபூர்வான்னு பேரு, புதுக் கம்பெனியோட சட்டப் பிரிவாம், சென்னையில இருந்து வந்திருக்குது. இருபத்தேழு இருக்கும், நான் போர்வைக்குள்ள உக்காந்திருந்த வயசு. "உக்காருங்க மேடம். ஐயோ, குடத்தக்கா நீங்கதானா? எங்க வீட்டுல எங்கம்மாவுக்கு அந்தக் கேம்னா உசுரு." நல்ல பொண்ணுதான். மைக்கை என் பக்கம் திருப்பி, "ஒரு சின்ன பார்மாலிட்டி மேடம், அந்த லைனை மூணு தரம் சொல்லுங்க, சிஸ்டம் மேட்ச் பாத்துரும்"னுச்சு. எனக்கு முகம் சூடாயிருச்சு. சொன்னேன். அடியேய் கொடத்த நவுத்துங்கடி லாரி வந்துருச்சு. மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரி. மறுபடியும். மறுபடியும். அது கம்ப்யூட்டரைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, தயங்குச்சு. "மேட்ச் ஆகல மேடம். இது உங்க வாய்ஸ் இல்லைன்னு காட்டுது." ஆதிராவும் அதையேதான் சொல்லுது, மிஷினுக்கு என்ன தெரியும். "ஆபரேஷன் ஆச்சுங்க, அப்பப் போயிருச்சு"ன்னேன். "ஐயோ, சாரி மேடம், தெரியாமக் கேட்டுட்டேன். ஒரிஜினல் ரெக்கார்டிங் இருக்கா? அது இருந்தாப் போதும்." கையில இருந்த போனைக் காட்டினேன். அதுக்கு முகம் மலர்ந்திருச்சு. "சூப்பர் மேடம்! முழு பைலும் வேணும், எடிட் பண்ணாம. அதுவும் லிஸ்ட்ல சேர்ந்துரும், போனை ஒரு கவர்ல போட்டு நம்பர் போட்டு வெச்சுருவோம். காப்பி மட்டும் உங்ககிட்ட இருக்கக் கூடாது. ஒரு நிமிஷம், கவர் எடுத்துட்டு வந்துடறேன்." எந்திரிச்சுப் போயிருச்சு.

லிஸ்ட்ல சேர்ந்துரும். எதெல்லாம்? ம்ம்ம்ங்கற மோட்டார் சத்தமும் சேருமா? கீழ்க்கடைக்காரரு பதறிக்கிட்டு ஓடி வந்தது? எனக்கு ரெண்டு பன்னு? எட்டுச் சிரிப்பு? என்றென்றைக்குமா? நாலு பேரு கைமாறி வித்துட்டாங்க, கொடத்தை வித்தாங்க, தெருவை வித்தாங்க, லாரியை வித்தாங்க, சரி, அது யாவாரம். ஆனா அந்த மத்தியானத்தை யாரும் விலைக்கு வாங்கல, அது என் போன்ல, ரப்பர் பேண்டு போட்டு, என் பையில இருந்துச்சு, இவ்வளவு நாளும் எனக்கே தெரியல. இயர்போன் ஒரு காதுல இன்னும் தொங்கிக்கிட்டிருக்குது. மிச்சத்தைக் கேட்டர்றேன், குடுக்கறதா இருந்தாலும் கேட்டுட்டுக் குடுக்கறேன். இருபது. இருபத்தொண்ணு. இருபத்திமூணாவது தரம், இது, இதேதான், அப்பாவோட ரிங்டோன், ஆட்டோவுக்குப் பின்னால ஒட்டினது, என் புள்ள திரும்பத் திரும்பக் கேக்கறது. அதோட கட் பண்ணித்தான் கேம்ல வெச்சாங்க. ஆனா இதுல நிக்கல, ஓடுது. "போதுமுங்களாண்ணா? வேர்த்து ஊத்துது." "போதும் போதும், அடி தூள்! இது சும்மா இப்போதைக்குத்தான் சாந்தா, அப்பறம் ரேடியோக்கார அம்மாவக் கூட்டியாந்து நல்லா எடுத்துக்கலாம்." அப்பறம் அந்தப் பொண்ணு, சிரிச்சுக்கிட்டே, ஆனா நெசமாவே பயந்துக்கிட்டு, "மாத்தீரோணும்ங்கண்ணா. மறந்துராதீங்க. எங்கப்பா கேட்டாருன்னா, பொம்பளப் புள்ள இப்படியா தெருவுல கத்துவேன்னு தோலை உரிச்சுருவாரு." "சத்தியமா மாத்தீர்றேன்." "மாத்தீருங்க." அப்பறம் போர்வைய எடுக்கற சத்தம், பேன் சுத்தற சத்தம், அவ்வளவுதான். நான் இதைய மறந்தே போயிட்டேன். நானே கேட்டிருக்கேன். என் வாயால, அந்தக் குரலாலயே, மாத்தீருங்கன்னு கேட்டிருக்கேன், எல்லாரும் மறந்துட்டாங்க, நானும் மறந்துட்டேன். ஆதிரா, குடத்தக்கா போயிருவாங்களேன்னு நீ அழுவே. அழுகாத தங்கம். உனக்குத் தெரிஞ்சது அவ அஞ்சு வார்த்தைதான். இன்னைக்கு அவளை முழுசா வீட்டுக்குக் கூட்டியாறேன், இருபத்திரண்டு நிமிஷம், ரெண்டு பன்னு கேப்பா, போர்வைக்குள்ள வேகறேன்னு கத்துவா, மோகனண்ணன் அவளைச் சாந்தான்னு கூப்பிடுவாரு, ஒருக்கா இல்ல, பத்துத் தரம். அப்ப நீ நம்புவே.

அபூர்வா கவரோட வந்துச்சு, மேல நம்பர் ஒட்டி. போனை அதுக்குள்ள போடச் சொல்லிக் கவரோட வாயை விரிச்சுப் பிடிச்சுச்சு. நான் போனைப் பையில வெச்சு ஜிப்பை இழுத்துவிட்டேன். "அது தற்காலிகந்தானுங்க. மாத்தீருங்க"ன்னேன். "சாரி மேடம், கேக்கல." கேக்காதுதான். பக்கத்துல குனிஞ்சு, தொண்டையில இருக்கறதையெல்லாம் கூட்டி, மறுபடியும் சொன்னேன், "மாத்தீருங்க." கவரை மேசை மேல வெச்சுச்சு. "ஷ்யூரா மேடம்? எங்கம்மா வருத்தப்படுவாங்க." "அம்மாகிட்டச் சொல்லுங்க, ரேடியோக்கார அம்மா நல்லாப் பேசுவாங்கன்னு." அது ஒண்ணும் புரியாம, பாரத்துல ஒரு கட்டத்துல டிக் பண்ணி, கீழ கையெழுத்து வாங்கிக்கிச்சு. மறுப்புக்கும் ஒரு கையெழுத்து.

கதவைத் தொறந்தா வெளிய கூட்டம். சாப்பாட்டு நேரமாயிருச்சு, நாப்பது பேருக்கு மேல கதவை அடைச்சுக்கிட்டு நிக்கறாங்க, ஆளாளுக்கு எனக்கு முன்னால நீ எப்படிப் போனேன்னு நம்பரைக் காட்டிச் சண்டை. ஜெசிந்தா அந்தக் கடைசியில மாட்டிக்கிட்டு முப்பத்தெட்டு முப்பத்தெட்டுன்னு கையை ஆட்டறா. "வழி விடுங்க"ன்னேன், எனக்கே கேக்கல. மூணு தரம் கை தட்டினேன், அந்தச் சத்தத்துல அது எங்க எடுபடும். சரின்னு பையில கையை விட்டு அந்தப் போனை எடுத்தேன், இயர்போனைப் பிடுங்கினேன், பதிவைக் கொஞ்சம் பின்னால ஓட்டி, சத்தத்தை முழுசா வெச்சு அமுக்கினேன். "அடியேய், கொடத்த நவுத்துங்கடி, லாரி வந்துருச்சு!" எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சிரிச்சுக்கிட்டே திரும்பினவங்க, அது நிக்காம ஓடறதக் கேட்டாங்க. "போதுமுங்களாண்ணா? வேர்த்து ஊத்துது." யாரும் கேட்டதில்லயே அதை. ஒவ்வொருத்தரா என் முகத்தைப் பாத்தாங்க, கையில இருந்த போனைப் பாத்தாங்க. அப்பறம் சத்தமில்லாம நவுந்தாங்க, நாற்காலியெல்லாம் இழுத்து, ரெண்டு பக்கமும் ஒதுங்கி. நான் நடுவுல நடந்து வந்தேன்.